காட்சிக்கூடம் ஏன் இருட்டாக இருக்கிறது? ஒரு நீலப்படிப் பட்டறை

பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால் துணிகளும் ஓவியங்களும் இருக்கும் கூடத்தில் நுழைந்ததுமே ஒரு குரல் கேட்கும்: "ஏன் சார் இங்க லைட்டே சரியா போடல?" நல்ல கேள்வி. சாயத்துணி, நீர்வண்ண ஓவியம், காகிதம் போன்ற பொருள்கள் மேல் படும் வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவது உலகம் முழுக்க அருங்காட்சியக வழக்கம். வெளியே முற்றத்தில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு முழுப் பட்டறையை நடத்திவிடலாம். அதற்கான செய்முறைதான் இந்தப் பதிவு. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர், மூன்று மணி நேரம், மேகம் இல்லாத ஒரு காலைப்பொழுது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"அறிவியலும் கலையும்" என்று பெயர் வைத்து நடக்கும் பல பட்டறைகளில் முதல் அரைமணி நேரம் ஸ்லைடு போட்டு அறிவியல் பேசுவார்கள். பிறகு வண்ணம் கொடுத்து ஏதாவது வரையச் சொல்வார்கள். அறிவியல் காதோடு போய்விடும், கலை பையோடு வீட்டுக்குப் போய்விடும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. சயனோடைப் எனும் நீலப்படி முறையில், அதாவது இரும்பு உப்பு பூசிய தாளை வெயிலில் காட்டி நீல நிறத்தில் படம் எடுக்கும் முறையில், அந்தப் பிரிவினை நடக்காது. சோதனை நடப்பதும் படம் விழுவதும் ஒரே தாளில்.

ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை இது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் வைத்து வெயிலில் படியெடுத்து நூலாக்கத் தொடங்கினார். பிறகு பொறியாளர்கள் கட்டட வரைபடங்களை இதே முறையில் நகலெடுத்தார்கள். நாம் பேச்சில் சொல்லும் 'புளூபிரிண்ட்' அதுதான். சென்னை அருங்காட்சியகத்துக்கும் வெயில் அச்சுக்கும் பழைய உறவு உண்டு. 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களை 1858இல் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளர் லின்னேயஸ் ட்ரைப் படம்பிடித்தார். அந்தக் காலத்துத் தாள் படங்கள் பெரும்பாலும் நெகட்டிவைத் தாளோடு சேர்த்து அழுத்தி வெயிலில் காட்டி அச்சிட்டவைதாம். நீலமாக இராது, பழுப்பாக இருக்கும். வேலை ஒன்றுதான்.

முதலில் கடைக்குப் போவோம். தேவை இரண்டு ரசாயனம்: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. முதலாவதில் பச்சை வகை, பழுப்பு வகை என்று இரண்டு கிடைக்கும்; பச்சையை வாங்குங்கள், பழுப்பு மந்தம். இரண்டாவதில்தான் பெரும்பாலான பட்டறைகள் கவிழ்கின்றன. ஃபெரிசயனைடு கேட்டால் கடையில் ஃபெரோசயனைடைத் தந்துவிடுவார்கள், அல்லது பள்ளி ஆய்வகத்து அலமாரியிலிருந்து அதை எடுத்து வருவார்கள். ஓர் எழுத்துதானே வித்தியாசம் என்று விட்டால் காரியம் கெட்டது. ஃபெரிசயனைடு படிகம் மாதுளை முத்துபோலச் செக்கச் சிவந்திருக்கும், பொடி ஆரஞ்சாக இருக்கும். ஃபெரோசயனைடு வெளிர் மஞ்சள். மஞ்சளைக் கரைத்து மற்றதோடு சேர்த்த நொடியே கிண்ணம் முழுக்கக் கருநீலமாகிவிடும். வெயிலுக்கு அங்கே வேலையே இல்லை.

அளவு இதுதான். 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள், இது முதல் கரைசல். 10 கிராம் ஃபெரிசயனைடு, அதுவும் 100 மி.லி.; இது இரண்டாவது. தனித்தனியே பழுப்புநிறப் புட்டிகளில் வைக்கவும். சம அளவு கலந்தால் பூசுவதற்குத் தயார், கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். ஓர் ஏ5 தாளுக்குச் சுமார் 2 மி.லி. பிடிக்கும். ஆளுக்கு இரண்டு தாள், ஒரு சோதனைப் பட்டை என்று வைத்தால் முப்பது பேருக்கு 135 மி.லி.; சிந்தியது சிதறியது சேர்த்தாலும் 160க்குள் அடங்கும். ஆக 25 கிராமும் 10 கிராமும் ஒரு வகுப்புக்குப் போதும். கிலோக் கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம். சிட்ரேட் நம் ஊர்க் காற்றில் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். முதல் கரைசலை அப்படியே வைத்தால் சில வாரங்களில் மேலே பூஞ்சை படரும். மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம்தான், ஆனால் புதிதாகக் கரைப்பதே நிம்மதி. தண்ணீருக்கு பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். 'பேட்டரிக்கு ஊத்துறது' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஆசிட் கேனை எடுத்துத் தரும் கடையும் உண்டு.

'சயனைடு' என்ற சொல்லைக் கேட்டதும் தலைமையாசிரியர் பதறுவார். பதற்றத்தைத் தட்டிக்கழிக்காமல் விளக்க வேண்டும். ஃபெரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, சாதாரணமாகக் கையாளும்போது பிரியாது. வலுவான அமிலமும் சூடும் சேர்ந்தால் பிரியும், அப்போது வருவது நச்சு வாயு. ஆகவே மூன்று விதி. பொடியைப் பெரியவர்கள் மட்டுமே எடைபோட வேண்டும். பிள்ளைகள் கையுறை போட்டுக் கரைசலை மட்டும் தொட வேண்டும், அந்த மேசையில் தின்பண்டம் கூடாது. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: பட்டறை முடிந்து மிச்சத்தை ஊற்றிய வாஷ்பேசினில், துப்புரவு செய்பவர் டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றிவிடக் கூடாது. முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். மிச்சக் கரைசலை ஒரு புட்டியில் சேர்த்துப் பள்ளி ஆய்வகத்திடம் ஒப்படைப்பது இன்னும் நல்லது.

இனித் தாள். கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் வேண்டாம். படத்தை அலசும்போது இரண்டாம் தொட்டியிலேயே கிழியும். போதாததற்கு பல தாள்களில் சுண்ணாம்பு சேர்த்திருப்பார்கள். இந்த நீலத்துக்குப் பரம எதிரி காரம். சுண்ணாம்பு கலந்த தாளில் படம் விழும்போது அழகாக விழுந்து, நாளாவட்டத்தில் மஞ்சளித்துப் போகும். சந்தேகம் இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலை ஒரு சொட்டு விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாகக் குமிழ் எழுந்தால் அந்தத் தாளைத் தள்ளிவிடுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாத வாட்டர்கலர் தாள் நன்றாக உழைக்கும். பருத்திக் கூழில் செய்த கைவினைத் தாள் இன்னும் மேல். பூசுவதற்கு ஸ்பாஞ்ச் துண்டு போதும். தகரப் பூண் போட்ட பிரஷ் என்றால் பூணின் இரும்பு கரைசலில் பட்டு, படத்தில் ஊசிமுனை அளவு நீலப் புள்ளிகள் விழும், டேப் சுற்றிவிடுங்கள். அதே காரணத்தால் கிண்ணம் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ, எவர்சில்வர் வேண்டாம்.

படத்துக்கான தாள்களை முந்தின நாள் மாலையே பூசி, இருட்டறையில் மின்விசிறிக் காற்றில் காயவைத்து, கறுப்பு பாலிதீன் உறையில் போட்டுவிடுங்கள். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, குளம் கட்டாமல். ஜன்னலை மூடிவிட்டால் சாதாரண எல்.இ.டி. பல்பு வெளிச்சத்திலேயே வேலை செய்யலாம். ஹேர்டிரையர் வைத்தால் குளிர்ந்த காற்றில் மட்டும்; சூட்டில் தாள் வெயிலைப் பார்க்காமலேயே நீலம் பாய்ந்துவிடும். காய்ந்த தாள் பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் சரி. சாம்பலோ நீலமோ தட்டியிருந்தால் கெட்டது, எடுத்துப் போட்டுவிடுங்கள். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் இந்தத் தாள் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பட்டறையை வைக்கவே வேண்டாம். வெயிலும் இராது, தாளும் காயாது.

பிள்ளைகள் பூசும் வேலையையும் பார்க்க வேண்டாமா என்றால், வேண்டும். அதற்குத்தான் சோதனைப் பட்டை. வந்தவுடன் ஆளுக்கு 5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் ஒரு பட்டை. பின்பக்கம் பென்சிலில் பெயரை எழுதிவிட்டுப் பூசி அறையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனால், திரும்பி வரும்போது காய்ந்திருக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, வாசலில் நுழைந்ததுமே செய்ய வேண்டியது. கால் லிட்டர் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியைப் பத்து நிமிடம் ஊறவைத்து நிழலில் காயவைத்த துண்டுகள் தயாராக இருக்கட்டும். சோப்பு, படிகாரம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு துண்டிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, முற்றத்தில் வெயிலில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். குழம்புக் கறை பட்ட வேட்டியை அலசி வெயிலில் போட்டால் கறை காணாமல் போகும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பிள்ளைகளுக்கு இப்போது அதைச் சொல்ல வேண்டாம்.

கூடத்துக்குள் பென்சில் மட்டும். பேனா, தண்ணீர் பாட்டில், பை எல்லாம் வெளியே. நாற்பது நிமிடத்தில் ஆளுக்கு ஒரு பொருள். உட்கார்ந்து அதன் புறக்கோட்டை மட்டும் வரைய வேண்டும். நிழல், நகை, சுருள்முடி எல்லாவற்றையும் போட ஆரம்பித்தால் நேரம் போய்விடும், அந்த நுணுக்கம் படியிலும் வராது. செப்புத் திருமேனிக் கூடம் என்றால் அம்மன் சிலையில் ஆரம்பிக்கச் சொல்லலாம். தலைக்கு ஒரு கோடு, மார்புக்கு ஒரு கோடு, இடுப்புக்குக் கீழே ஒரு கோடு. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பென்சில் முனையைத் தூக்கிப் பிடித்து அளந்து பார்க்கும்போதுதான் 'திரிபங்கம்' (உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் நிலை) என்ற சொல்லுக்குப் பொருள் பிடிபடும். இங்கே ஆசிரியர் விளக்கவுரை ஆற்றாமல் இருப்பது முக்கியம்.

அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் பத்து நிமிடம் வந்து பேசினால் அது வேறு ரகம். சென்னை அருங்காட்சியகத்தில் 1930லேயே அப்படி ஓர் ஆய்வகம் ஏற்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களின் சாந்தைச் சோதித்து, அவை ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டியவை என்று சொன்ன எஸ். பரமசிவன் அங்கே வேலை பார்த்தவர். கலைப்பொருளை வேதியியல்காரர் தொட்டுப் பார்க்கும் இடம் ஒன்று அதே கட்டடத்தில் இருக்கிறது என்று தெரிவதே பிள்ளைகளுக்குப் புதிது.

வரைந்ததை ஓ.எச்.பி. ஷீட் எனும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில் கறுப்பு மார்க்கரால் எடுக்க வேண்டும். இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மை, படத்தை விழவைக்கும் புற ஊதா ஒளிக்கும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில மார்க்கர் மை வழியே ஒளி கசிந்து, வெள்ளையாக வரவேண்டிய கோடு வெளிர்நீலமாக வரும். பட்டறைக்கு முன்பே நான்கைந்து மார்க்கரை ஒரு ஷீட்டில் கிறுக்கிப் படியெடுத்துப் பார்த்துவிடுங்கள். பெயின்ட் மார்க்கர் பொதுவாக ஏமாற்றாது.

இரண்டாவது சிக்கல் சுவாரசியமானது. மை இருக்கும் பக்கம் தாளைத் தொட்டபடி இருந்தால்தான் கோடு கூர்மையாக விழும். ஷீட்டின் தடிமன் நடுவில் வந்தால் ஓரம் மங்கும். ஆனால் மைப்பக்கத்தைக் கீழே வைத்தால் படம் இடவலம் மாறிவிடும். நடராசரை வரைந்த பிள்ளையின் படியில் தூக்கிய இடக்கால் வலக்காலாகிவிடும். மதுரை வெள்ளியம்பலத்தில் அவர் கால் மாறி ஆடுகிறார் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை வரைந்தது அவரை அல்ல. வழி இதுதான்: வரைந்த தாளைக் கண்ணாடி ஜன்னலில் முகம் கவிழ்த்து ஒட்டி, வெளிச்சத்தில் பின்பக்கம் தெரியும் கோட்டின் மேல் ஷீட்டை வைத்து எடுக்க வேண்டும். ஏன் இப்படித் திருப்புகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஒரே ஒரு படத்தை நேராக எடுத்துக் காட்டி, என்ன தப்பு என்று கண்டுபிடிக்க விடுங்கள்.

இனி வெயில். பத்து மணிக்கு மேல் சோதனைப் பட்டையை எடுங்கள். இதைத்தான் பட்டறையின் இதயம் என்பேன். நேரம் போதவில்லை என்றால் படத்தை விட்டுவிடுங்கள், பட்டையை விடாதீர்கள். பட்டையை நான்கு கட்டமாகப் பாவித்து 1, 2, 4, 8 நிமிடம் என்று வெயில் கொடுக்க வேண்டும். கையில் ஓர் அட்டை, ஒரு கடிகாரம். எப்படிச் செய்வது என்று பிள்ளைகளிடமே விட்டால், முழுப் பட்டையையும் 1 நிமிடம் காட்டி முதல் கட்டத்தை மூடுவார்கள், அடுத்து 2 நிமிடம் விட்டு மூடுவார்கள், அடுத்து 4, அடுத்து 8. கூட்டிப் பாருங்கள்: கடைசிக் கட்டத்துக்குக் கிடைத்தது 15 நிமிடம், அதற்கு முந்தினதற்கு 7. திறந்திருக்கும் கட்டம் ஒவ்வொன்றும் முந்தைய நேரத்தையும் வாங்கிக்கொண்டே வருகிறது. சரியாக வர, காத்திருக்க வேண்டியது 1, 1, 2, 4. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கையிலிருக்கும் பட்டையில் தப்பாக வந்தால் தாங்களே உட்கார்ந்து போடுவார்கள்.

தாளில் நடப்பது இது: ஒளியின் புற ஊதாப் பகுதி பட்டதும் ஃபெரிக் நிலையில் இருக்கும் இரும்பு சிட்ரேட்டிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி ஃபெரஸ் நிலைக்கு வருகிறது. அந்த ஃபெரஸ் இரும்பு ஃபெரிசயனைடோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகத் தாளிலேயே தங்கிவிடுகிறது. ஒளி படாத இடத்தில் இரண்டும் கரையும் உப்பாகவே கிடப்பதால் அலசும்போது போய்விடும்.

எல்லாரும் செய்யும் பிழை, சீக்கிரம் எடுத்துவிடுவது. மஞ்சள்பச்சை நிறம் நீலம் தட்டியதும் "வந்திருச்சு!" என்று தண்ணீருக்கு ஓடுவார்கள், அலசினால் பாதி போய்விடும். நீலத்தையும் தாண்டி, திறந்த இடம் பழைய வெண்கலம் மாதிரி சாம்பல் பூத்த பிறகுதான் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் பத்திலிருந்து இரண்டு மணிக்குள் 4 முதல் 8 நிமிடம் பிடிக்கும், லேசான மேகம் வந்தால் இருமடங்கு. உங்கள் பட்டை என்ன சொல்கிறதோ அதுவே அன்றைய நேரம்.

தாள், அதன்மேல் ஷீட், அதன்மேல் கண்ணாடி, கீழே பலகை, நாலு பக்கமும் பெரிய கிளிப். கண்ணாடி 4 மி.மீ., விளிம்பு தேய்த்து டேப் ஒட்டியது. உடையும் என்று பயந்து பிளாஸ்டிக் தகடு வாங்குபவர்கள் கவனிக்க: பாலிகார்பனேட் புற ஊதாவை ஏறக்குறைய முழுசாக மறித்துவிடும். அரை மணி நேரம் வெயிலில் வைத்தும் தாள் அசையாமல் மஞ்சளாகவே இருக்கும், பழி ரசாயனத்தின் மேல் விழும். அக்ரிலிக்கிலும் சில வகை இப்படித்தான், வாங்குமுன் ஒரு துண்டு கேட்டுச் சோதியுங்கள். பத்து பலகை இருந்தால் மூன்று சுற்றில் முப்பது பேரும் முடித்துவிடலாம். நெரிசல் வெயிலில் வராது, அலசும் தொட்டியில்தான் வரும்.

இரண்டாவது தாளுக்குச் செடிகொடி. பறித்தது வேண்டாம், உதிர்ந்தது போதும். முந்தின நாளே செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தியிருக்க வேண்டும். பச்சை இலையின் ஈரம் கண்ணாடிக்கு அடியில் வியர்த்துத் தாளில் கறைத் திட்டு போடும். மாவிலை தடிமன், வெறும் வெள்ளை உருவம்தான் கிடைக்கும். முருங்கை ஈர்க்கு, வேப்பங்கொத்து, பெரணி நன்றாக வரும். நரம்பு மட்டும் மிஞ்சிய அரசஞ்சருகு கிடைத்தால் அதற்குச் சண்டையே வரும்.

அலசுவதற்கு மூன்று தொட்டி. முதல் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர். இது நம் ஊருக்கு அவசியம். போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மையோடு இருக்கும். வினிகர் இல்லாமல் நேராக அதில் அலசினால் நீலம் கண்ணெதிரே வெளிறும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வெறும் தண்ணீர், கிடைத்தால் ஆர்.ஓ. தண்ணீர். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயல் முழுக்கப் போகும்வரை, ஐந்து முதல் பத்து நிமிடம் அலச வேண்டும். மஞ்சள் மிஞ்சினால் பிறகு வீட்டு வெளிச்சத்தில் அதுவும் நீலமாகிப் படத்தை விழுங்கிவிடும். பத்துப் படத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்.

ஈரத்தில் படம் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். வெயில் அதிகம் பட்ட இடத்தில் நீலம் இன்னும் ஒரு படி மேலே போய் நிறமற்ற வடிவத்தில் நிற்கிறது. காற்றுப் பட்டு ஒரு நாளில் ஆழ்ந்த நீலமாகிவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம், ஒரு மூடி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அதில் தாளை நழுவவிடுங்கள். ஒரு நொடியில் நீலம் கொப்பளித்து எழும். கூட்டமே 'ஓ' போடும் இடம் இது. வித்தையாக முடித்துவிடாமல், ஒரு தாளைப் பெராக்சைடில் போடாமல் தனியே வையுங்கள், மறுநாள் வகுப்பில் இரண்டையும் ஒப்பிடலாம்.

நேரம் இருந்தால் கடுக்காய். கையால் வரைந்து சாயமிட்ட கலம்காரித் துணி இருக்கும் அருங்காட்சியகம் என்றால் இதைக் கட்டாயம் செய்வேன். ஆந்திரத்துக் காளஹஸ்தியானாலும் நம் சிக்கிநாயக்கன்பேட்டையானாலும் கலம்காரியின் கறுப்புக்கு மூலம் இரும்பும் கடுக்காயும்தான்: துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்த சாறு, கடுக்காய்ப்பால் ஊறிய துணியில் பட்டதும் கறுக்கிறது. நம் கையிலிருக்கும் நீலப்படியிலும் இரும்பு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவைச்சோடா கரைத்து ஒரு படியைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நீலம் கலைந்து, மங்கிய மஞ்சளில் ஆவிபோல் உருவம் நிற்கும். தங்கள் படம் அழிந்ததாகப் பிள்ளைகள் அலறுவார்கள். நன்றாக அலசி, 20 கிராம் கடுக்காய்த்தூளை ஒரு லிட்டரில் கால்மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவைத்த கஷாயத்தில் போட்டால், பத்து நிமிடத்தில் போன உருவம் கருப்பழுப்பாகத் திரும்பி வரும். நீலம் போனாலும் இரும்பு போகவில்லை. சோடாவை முழுசாக அலசாமல் கஷாயத்தில் போட்டால் தாள் முழுக்கத் திட்டுத்திட்டாகக் கறுக்கும். நன்றாகச் செய்தாலும் வெள்ளைப் பகுதி கொஞ்சம் பழுப்பேறத்தான் செய்யும், அதற்கு மருந்தில்லை. டீத்தூளிலும் இது வரும், நிறம் இவ்வளவு அடர்த்தியாக இராது. தங்கள் சிறந்த படத்தை யாரும் இதில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முற்றத்தில் மறந்துபோன மஞ்சள் துணி. அட்டையை எடுத்தால் மூடிய பாதி அப்படியே இருக்கும், திறந்த பாதி வெளிறியிருக்கும். இங்கே கணக்கு போடச் சொல்லுங்கள். 1,00,000 லக்ஸில் இரண்டு மணி நேரம் என்றால் 2,00,000 லக்ஸ்-மணி. 50 லக்ஸ் கூடத்தில் அதே அளவு ஒளி விழ 4,000 மணி நேரம் ஆகும். தினம் எட்டு மணி நேரம் விளக்கு எரிந்தால் 500 நாள். வெயிலில் இரண்டு மணி நேரம் செய்ததைக் கூடத்தின் மங்கல் வெளிச்சம் ஒன்றரை ஆண்டுக்குள் செய்துவிடும். அங்கே தொங்கும் துணிக்கு வயது நூறு, இருநூறு. பலரும் இந்த இடத்தில்தான் வாயடைத்துப் போவார்கள். வெளிச்சம் ஏன் கம்மி என்று கேட்டவர்களே, ஏன் அவ்வளவு அதிகம் என்று கேட்கத் தொடங்குவார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாவைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை மறித்தால் பாராட்டுங்கள், சரியான ஆட்சேபணை.

அந்த ஆட்சேபணைக்கும் சோதனை கையிலேயே இருக்கிறது. புற ஊதாவைத் தடுக்கும் பழைய மூக்குக்கண்ணாடி வில்லை ஒன்றைக் காலையிலேயே ஒரு மஞ்சள் துண்டின் மேல் வைத்திருக்க வேண்டும். அதே மாதிரி வில்லையை ஒரு நீலப்படித் தாளின் மேலும் வைத்து வெயில் காட்டுங்கள். நம் கண்ணுக்கு நிறமே இல்லாத கண்ணாடி, தாளில் வெள்ளையாகவோ சோகையான நீலமாகவோ வட்டமாக விழும். சிலர் அதைக் கறுப்புக் கண்ணாடி என்றே நினைப்பார்கள். ஆனால் அதன் அடியில் இருந்த மஞ்சள் துணி வெளிறித்தான் இருக்கும். மஞ்சளின் நிறப்பொருள் கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளியையே விழுங்கிச் சிதைவது. ஆகவே ஜன்னலுக்குப் புற ஊதாத் தடுப்புப் படலம் ஒட்டியாயிற்று, விளக்கைப் பளிச்சென்று போடலாமே என்றால் முடியாது. கூடத்தின் இருட்டுக்கு மிச்சமிருக்கும் காரணம் அந்தத் துண்டுத் துணியில் இருக்கிறது.

துடைக்கும் வேளை. மேசையிலும் தரையிலும் பட்ட நீலத்தைச் சலவைச்சோடாக் கரைசல் எடுக்கும், அது விடும் மஞ்சள் கறையை எலுமிச்சை எடுக்கும். சீருடையில் பட்டதற்கும் இதே வழி, காய்வதற்குள் செய்தால்.

படங்களைக் கொடியில் கிளிப் போட்டு நிழலில் காயவையுங்கள். வீட்டில் மாட்டப்போகிறவர்களிடம் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிச்சத்தில் இந்த நீலமும் மங்கும். ஆனால் மங்கிய படியை அலமாரி இருட்டில் சில நாள் காற்றுப் படும்படி வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பி வரும், மஞ்சள் துணியில் போன நிறம் திரும்பாது. இரண்டையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள், பிறகு பார்த்துச் சொல்லட்டும். பெயரும் நிமிடக் கணக்கும் பின்பக்கம் பென்சிலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொல் கேளாமல் பேனாவில் எழுதியவர்களின் பெயர் மூன்றாம் தொட்டியோடு போயிருக்கும்.